ஒலிநாடாவில் தப்பிய டாக்டர்

பிரிட்டனின் பிபிசி தொலைக்காட்சி 1963 நவம்பர் 23 அன்று ஒளிபரப்பத் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ என்னும் அறிவியல் புனைகதைத் தொடரின் ஆண்டு நிறைவு நவம்பர்தோறும் வருகிறது. காலத்தில் பயணம் செய்யும் டாக்டர், உயிர் பிரியும் தறுவாயில் புதிய உருவம் கொண்டு வேறொரு நடிகராகத் தொடர்வது இத்தொடரின் தனி மரபு. அதனால் ஆண்டு நிறைவுப் பேச்செல்லாம் அடுத்த டாக்டர் யார் என்பதிலேயே தேங்கிவிடுவது இப்பத்தியின் நெடுநாள் மனக்குறை. ஏனெனில், அந்த மரபைத் தொடங்கிவைத்த பகுதியின் பதிவையே பிபிசி தொலைத்துவிட்டது. 1966 அக்டோபரில் வில்லியம் ஹார்ட்னல் பாட்ரிக் டிராட்டனாக உருமாறிய அந்தச் சில நொடிகள் மட்டும், 1973-ல் ‘புளூ பீட்டர்’ என்ற சிறுவர் நிகழ்ச்சியில் எடுத்தாளப்பட்டதால் தப்பின.

ஆவணங்களைக் காப்பதில் நிறுவனங்கள் காட்டும் அலட்சியத்தை இப்பத்தி எத்தனை முறை கண்டித்திருக்கிறது என்பதை வாசகர்கள் அறிவர். பிபிசி சொன்ன காரணங்கள் உண்டு: ஒளிநாடா விலை உயர்ந்தது, அழித்துவிட்டு மீண்டும் பயன்படுத்தக்கூடியது, நடிகர் சங்க ஒப்பந்தங்கள் மறு ஒளிபரப்பைக் கட்டுப்படுத்தின, வண்ணத் தொலைக்காட்சி வந்தபின் கறுப்பு வெள்ளைக்கு மதிப்பில்லை. ஆயினும் வெளிநாட்டு விற்பனைக்கென எடுத்த 16 மி.மீ. படச்சுருள்களையும் 1978 வரை அழித்துக்கொண்டிருந்ததை எக்காரணமும் நியாயப்படுத்தாது.

வீட்டில் ஒளிப்பதிவு செய்யும் கருவி பரவாத அக்காலத்தில், பார்த்ததை மீண்டும் அனுபவிக்க ரசிகர்களுக்கு இருந்த ஒரே வழி ஒலிப்பதிவு. பெரும்பாலும் பள்ளிப் பருவத்தினரான அவர்களுள் சிலர் தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கிக்கு முன் மைக்கை வைத்து, சுருள்நாடாக் கருவியில் ஒவ்வொரு வாரமும் பதிந்தனர்; யாரேனும் இருமினாலும் கதவு தட்டப்பட்டாலும் அதுவும் நாடாவில் ஏறிவிடும். ஒருவர் கம்பி கொண்டு கருவியைப் பெட்டியுடனேயே இணைத்து, அறையின் இரைச்சல் கலவாத தெளிவான பதிவுகளை எடுத்தார். தொலைந்த பகுதிகள் ஒவ்வொன்றின் ஒலியும் இன்று முழுமையாகக் கிடைப்பது இவர்களால்தான். ஏழு பகுதிகள் கொண்ட ‘மார்கோ போலோ’ கதையின் ஒளிப்பதிவு முற்றிலும் மறைந்தபோதும் அதன் வசனமும் இசையும் பிழைத்திருப்பது வியந்து போற்றத்தக்கது.

சில அசையும் காட்சிகள் தப்பிய வகை விந்தையானது. சிறுவர்க்கு ஒவ்வாத வன்முறை என்று ஆஸ்திரேலியத் தணிக்கையாளர் வெட்டிய துண்டுகள் அந்நாட்டு அரசு ஆவணங்களோடு கிடந்தன. ரசிகர்கள் 1996-ல் அவற்றைத் தேடிக் கண்டெடுத்தனர். முழுக் கதை அழிந்துபோக, அதில் காட்டத்தகாதவை என விலக்கப்பட்டவை மட்டும் எஞ்சின. 2013-ல் நைஜீரியாவின் ஜோஸ் நகரிலிருந்து ஒன்பது பகுதிகள் மீண்டது அறிவிக்கப்பட்டபோது, இல்லாதவற்றின் எண்ணிக்கை 106-லிருந்து 97 ஆனது.

டிராட்டன் டாக்டராகத் தோன்றிய முதல் கதையான ‘தி பவர் ஆஃப் தி டேலக்ஸ்’, ஒளிபரப்பாகி 50 ஆண்டுகள் நிறைந்த 2016 நவம்பரில் அனிமேஷன் படமாக வெளிவந்தது. அதன் ஆறு பகுதிகளிலும் பாத்திரங்கள் பேசுவது, ரசிகர்கள் வீட்டில் பதிந்துவைத்த நாடாக்களிலிருந்து எடுத்த ஒலியில்தான். ஆண்டு நிறைவுக் கட்டுரை எழுதுவோர் அடுத்த நடிகரைப் பற்றிய ஊகத்தில் ஒரு பத்தியையேனும் குறைத்து, இவர்கள் செய்த பணியைப் பதிவுசெய்ய வேண்டும்.