சொந்த நிலத்துல ஷூட்டிங் ரேஞ்ச் போடலாமா? 3 ஏக்கரை வச்சு ஒரு கணக்கு



நேமத்தான்பட்டியில பூர்வீகமா வந்த 3 ஏக்கர் புஞ்சை. ஓனர் சிங்கப்பூர்ல வேலை பார்க்கிறார், மனைவியும் பையனும் காரைக்குடியில. பையனுக்கு ஏர் ரைபிள்ல ஆர்வம். "நம்ம நிலம், சுத்தி ஆள் நடமாட்டமே இல்லை. அங்கேயே ஒரு ரேஞ்ச் போட்டா பையனுக்குப் பயிற்சியும் ஆச்சு, வெளியாளுக்கு விட்டா வருமானமும் ஆச்சு. எவ்வளவு செலவாகும், டாக்ஸ் எப்படி?" இதுதான் என்கிட்ட வந்த கேள்வி. செலவும் டாக்ஸும் சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி இன்னொரு கணக்கு இருக்கு, அதைப் பார்க்காம பணக் கணக்குக்குப் போறதுல அர்த்தமே இல்லை.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். நிஜத் தோட்டா சுடுற ரேஞ்ச் இந்த நிலத்துல கூடவே கூடாது. நாலு சுவருக்குள்ள, கூரைக்குக் கீழ, 10 மீட்டர் ஏர் ரைபிள் தளம் போடலாம், ஆனா இந்த வருஷம் வேண்டாம். அதை வியாபாரமா நடத்துற ஐடியாவை விட்டுடுங்க.

இந்த ஆசை ஏன் வருதுன்னு எனக்குப் புரியுது. பக்கத்து புதுக்கோட்டையில இருந்து பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல டிராப் பிரிவுல சுட்டார். கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் ஏர் ரைபிள்ல உலக அளவுல பேர் வாங்கினார். 2022-ல திருச்சியில நடந்த மாநிலப் போட்டியில நடிகர் அஜித் வந்து சுட்டதுக்கு அப்புறம் இந்த விளையாட்டு வீட்டுக்கு வீடு பேச்சாயிடுச்சு. சொந்த இடத்துல ரேஞ்ச் போட்டு ஜெயிச்ச உதாரணமும் இருக்கு. 2008 பெய்ஜிங்ல தங்கம் வாங்கின அபினவ் பிந்த்ராவுக்கு அவங்க குடும்பம் சண்டிகர் பக்கத்துல பண்ணை வீட்டுலயே ரேஞ்ச் கட்டிக் கொடுத்தது. ஆனா அது உள்ளரங்கம், ஏர் ரைபிளுக்கானது. நம்மாளுங்க "பண்ணை வீடு"ங்கிற வார்த்தையை மட்டும் பிடிச்சுக்கிட்டு, "உள்ளரங்கம்"கிறதை விட்டுடறாங்க.

இப்ப அந்த இன்னொரு கணக்கு. காரைக்குடியில இருந்து திருச்சி போற வழியில, புதுக்கோட்டையைத் தாண்டினா நார்த்தாமலை. அதுக்குப் பக்கத்துல பசுமலைப்பட்டியில பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுக்கிற துப்பாக்கி சுடும் தளம் இருந்தது. 2021 டிசம்பர் 30-ம் தேதி அங்க பயிற்சி நடந்தப்போ, தள்ளி ஊருக்குள்ள தாத்தா வீட்டுல இருந்த 11 வயசுப் பையன் தலையில ஒரு குண்டு பாய்ஞ்சது. 2022 ஜனவரி 3-ம் தேதி தஞ்சாவூர் மருத்துவமனையில அந்தப் பிள்ளை இறந்துபோச்சு. அரசு குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அறிவிச்சது. தளத்தை மூட உத்தரவு போட்டாங்க.

இதை நிதானமா யோசிச்சுப் பாருங்க. சுட்டது பயிற்சி பெற்றவங்க. இடம் அரசாங்கத்தோட இடம். அப்படியும் ஒரு குண்டு எல்லை தாண்டி ஒரு வீட்டுக்குள்ள போயிருக்கு. நாம ஒரு ஜேசிபி பிடிச்சு மண்மேடு கொட்டிட்டு "சேஃப்டி பண்ணியாச்சு"ன்னு சொல்றது எந்த தைரியத்துல?

நிலத்தோட அளவையே எடுத்துக்குவோம். 3 ஏக்கர்னா சுமார் 12,140 சதுர மீட்டர். சதுரமா இருந்தா ஒரு பக்கம் 110 மீட்டர். ஸ்போர்ட்ஸ்ல பயன்படுத்துற சின்ன பாயிண்ட் 22 தோட்டா, தடுக்க ஒண்ணும் இல்லைன்னா ஒன்றரை கிலோமீட்டர் வரைக்கும் போகும். டிராப் சுடுற ஷாட்கன்ல பொடிக் குண்டுதான், இருந்தாலும் 200 மீட்டருக்கு மேல போய் விழும். களிமண் தட்டு இடமும் வலமும் பறக்கும், அதனால சுடுற ஆளுக்கு முன்னாடி விசிறி மாதிரி ஒரு பரப்பு காலியா இருக்கணும். 90 டிகிரி விசிறி, 250 மீட்டர் ஆழம்னு வச்சா அது மட்டுமே 12 ஏக்கர். நம்மகிட்ட இருக்கிறது 3.

"பக்கத்து நிலத்தை வாங்கிப் போடலாமே"ன்னு கேட்பீங்க. என்ஆர்ஐ-யா இருக்கிறவர் அந்நியச் செலாவணிச் சட்டப்படி விவசாய நிலம் வாங்க முடியாது. பூர்வீகமா வந்ததை வச்சுக்கலாம், அவ்வளவுதான். மச்சான் பேர்ல வாங்கிப் போடுற யோசனையும் வேண்டாம், அது பினாமி சட்டத்துல கொண்டு போய் நிறுத்தும்.

"ஆள் நடமாட்டமே இல்லை"ங்கிறதும் உண்மை இல்லை. நம்ம ஊர்கள்ல பாதி வீடு பூட்டித்தான் கிடக்கு, ஒத்துக்கிறேன். ஆனா ஆடு மேய்க்கிறவங்க வேலி, வரப்பு பார்த்து நடக்கிறதில்லை. விறகுக்குக் கருவேலம் வெட்ட வர்றவங்க இருக்காங்க. படைப்பு, கும்பாபிஷேகம், கல்யாணம்னு ஒண்ணு வந்தா ஒரே நாள்ல ஊர் நிறைஞ்சுடும். அப்புறம் மயில். "அப்படியே மயிலையும் விரட்டின மாதிரி ஆச்சு"ன்னு சிரிச்சுக்கிட்டே ஒருத்தர் சொன்னார். மயில் வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு. சுட்டா குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் சிறை. சிரிக்கிற விஷயம் இல்லை.

சட்டத்தைச் சுருக்கமா சொல்லிடறேன். தோட்டா துப்பாக்கிக்கு ஆயுதச் சட்டம் 1959-ன் கீழ உரிமம் வேணும். 2019 திருத்தத்துக்கு அப்புறம் சாதாரண உரிமத்துல ஒரு ஆளுக்கு 2 துப்பாக்கிதான். அதே திருத்தத்துல, அஜாக்கிரதையா சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினா 2 வருஷம் வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம்னு சேர்த்திருக்காங்க. யாராவது செத்துட்டா பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106, 5 வருஷம் வரைக்கும் போகும். துப்பாக்கி உரிமம் வேற, சுடும் தளம் நடத்துற அனுமதி வேற. தாத்தா காலத்து துப்பாக்கி பெட்டகத்துல இருக்குன்னு யாராவது சொன்னா, அதை எடுத்துப் பார்க்காம முதல்ல போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லுங்க. வாரிசா இருக்கிறதால உரிமம் தானா வந்துடாது.

ஏர் ரைபிள் கதை வேற. ஆயுத விதிகள் 2016-படி 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட சக்தியும் இருந்தா உரிமம் தேவையில்லை. போட்டிக்குப் பயன்படுத்துற ரைபிள் 7, 8 ஜூல்தான் வரும். அதுக்காக அது பொம்மை இல்லை. கண்ணுல பட்டா கண் போயிடும். திறந்தவெளியில நூறு மீட்டரைத் தாண்டியும் பறக்கும். அதனாலதான் நாலு சுவர்னு அடிச்சுச் சொல்றேன்.

இங்க ஒரு குறுக்குவழி எல்லாருக்கும் தோணும். "நம்ம பெரிய வீட்டுல வளவும் இரண்டாம் கட்டும் அவ்வளவு நீளம் இருக்கே, 10 மீட்டர் தாராளமா வருமே?" வரும். பிந்த்ராவே பெய்ஜிங் அரங்கத்தோட பிரமாண்டத்துக்குப் பழகறதுக்காக ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்து அதுல பயிற்சி பண்ணினார். ஆனா நம்ம வீட்டுல பத்தி முழுக்க அறைக் கதவு. எந்த நேரமும் ஒரு கதவைத் திறந்துக்கிட்டு ஆச்சி வெளிய வருவாங்க. சுடுற கோட்டுக்கு முன்னாடி கதவோ ஜன்னலோ இருக்கவே கூடாதுங்கிறது அடிப்படை விதி. அதோட அந்த வீடு உங்க ஒருத்தருக்குச் சொந்தமும் இல்லை, பத்துப் பதினஞ்சு பங்காளிகளுக்குப் பங்கு இருக்கும். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நோட்டீஸ் எல்லா பங்காளிக்கும் போகும். அந்த வம்பு வேண்டாம்.

சரி, புதுசா கட்டினா? 10 மீட்டர் தூரம், சுடுறவங்க நிற்கவும் பொருள் வைக்கவும் 4 மீட்டர், டார்கெட்டுக்குப் பின்னாடி 2 மீட்டர். மொத்தம் 16 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். மூணு பேர் பக்கத்துல பக்கத்துல நிற்கலாம். சுமார் 690 சதுர அடி. சதுர அடிக்கு 1,500 ரூபாய்னு வச்சுக்குவோம், 10.35 லட்சம். போட்டித் தரமான ரைபிள், டார்கெட், லைட், காற்று சிலிண்டர் எல்லாத்துக்கும் 4.65 லட்சம் ஒதுக்குங்க. 15 லட்சம் ஆச்சு. (இது என் அனுமானம். உங்க மேஸ்திரி சொல்ற ரேட்டைப் போட்டு நீங்களே திரும்பக் கணக்கு பண்ணுங்க.)

அந்த 15 லட்சம் எஃப்டியில 7 சதவீதத்துல இருந்தா வருஷம் 1.05 லட்சம் வட்டி. கட்டடம், பொருள் தேய்மானம், கரண்ட், பெல்லட்னு இன்னொரு 1 லட்சம். ஆக சொந்த ரேஞ்சோட உண்மையான விலை வருஷம் 2 லட்சத்தைத் தொடும். அதுக்குப் பதிலா திருச்சி ரைபிள் கிளப்புக்குக் கார்ல போய் வர்றதுக்கு ஒரு தடவைக்கு பெட்ரோல், சாப்பாடு எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்னு வைங்க. வாரம் ரெண்டு நாள்னா வருஷம் 100 தடவை, 1.5 லட்சம். கிளப் கட்டணத்தையும் சேர்த்தா ரெண்டும் ஏறக்குறைய சமம்தான். வாரம் அஞ்சு நாள் பயிற்சின்னா போக்குவரத்து மட்டுமே 3.75 லட்சம், சொந்த ரேஞ்ச் ஜெயிச்சுடும்.

அதனால முடிவு நிலத்தைப் பொறுத்தது இல்லை, பையனைப் பொறுத்தது. முதல் ஒரு வருஷம் கிளப்புக்கு அனுப்புங்க. ஆரம்பத்துல ரைபிளைவிட கோச்தான் முக்கியம், கோச் நேமத்தான்பட்டிக்கு வரமாட்டார். ஒரு வருஷம் கழிச்சும் விடியக்காலை எழுந்து போறான், மாநிலப் போட்டியில ஸ்கோர் ஏறுது, வாரம் ரெண்டு நாள் போதலைன்னா அப்ப கட்டுங்க. டியூஷன், ப்ளஸ் டூன்னு நடுவுல விட்டுட்டா 15 லட்சம் கைல இருக்கும்.

கட்டுறதா இருந்தா சில விஷயத்துல காசு மிச்சம் பிடிக்காதீங்க. டார்கெட்டுக்குப் பின்னாடி 9 அங்குல செங்கல் சுவர், அதுக்கு முன்னாடி பெல்லட்டைப் பிடிச்சு வைக்கிற இரும்புப் பெட்டி. வாசல் ஒண்ணே ஒண்ணு, அது சுடுறவங்களுக்குப் பின்பக்கம். அதை உள்ளே தாழ் போட்டுட்டுதான் ரைபிளைக் கையில எடுக்கணும். சுடாத நேரம் குழலுக்குள்ள பாதுகாப்புக் கயிறு. வேடிக்கை பார்க்கிறவங்களுக்கும் கண்ணாடி. காற்று சிலிண்டருக்குக் காலாவதித் தேதி உண்டு, கேஸ் சிலிண்டர் மாதிரி அதையும் பாருங்க. பெல்லட் ஈயம், அதனால விளக்குமாறு போட்டுத் தூசி கிளப்பாம ஈரத்துணியில துடைக்கணும், கை கழுவாம திங்கக் கூடாது. சேர்ற ஈயத்தை டப்பாவுல போட்டு வைங்க, கண்மாய்க்கும் ஊருணிக்கும் ஓடுற வாய்க்கால் பக்கம் கொட்டாதீங்க. ரைபிளை அந்தக் கட்டடத்துல விட்டுட்டு வராதீங்க. பூட்டின கட்டடத்துல என்ன இருக்குன்னு ஊருக்கே தெரியும்.

வியாபாரம் ஏன் வேண்டாம்? மாசம் 60 பேர், ஆளுக்கு 300 ரூபாய்னா 18,000. எப்பவும் ஒரு பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் நிற்கணும், அவர் சம்பளத்துக்கே அது சரியாப் போயிடும். வெளியாள் வந்த நிமிஷத்துல உங்க பொறுப்பும் மாறுது. "நிர்வாகம் பொறுப்பல்ல"ன்னு போர்டு மாட்டுறது அஜாக்கிரதைக்குக் கவசம் ஆகாது. வீட்டுக்கு எடுத்த தீ விபத்து பாலிசி இதுக்குப் பத்து பைசா தராது. பப்ளிக் லயபிலிட்டி பாலிசி தனியா எடுக்கணும், அதுலயும் ஷூட்டிங்கைச் சேர்த்திருக்காங்களான்னு எழுத்துல வாங்கணும்.

கடைசியா டாக்ஸ். ரேஞ்ச் வருமானம் விவசாய வருமானம் கிடையாது, நிலம் விவசாய நிலமா இருந்தாலும் முழுசா வரி உண்டு. சேவை வருமானம் வருஷம் 20 லட்சம் தாண்டினா ஜிஎஸ்டி 18 சதவீதம். இதைவிடப் பெரிய விஷயம், நிலத்தை விற்கும்போது வரும். கிராமப்புற விவசாய நிலத்தை வித்தா மூலதன ஆதாய வரியே இல்லை. அதே நிலத்துல விவசாயத்தை நிறுத்திட்டு ரேஞ்ச் நடத்தினா, அந்தப் பகுதி விவசாய நிலம்ங்கிற அந்தஸ்தை இழக்கும், 12.5 சதவீதம் கட்ட வேண்டி வரும். காரைக்குடி வேற 2024-ல மாநகராட்சி ஆயிடுச்சு. நகர எல்லையில இருந்து நேர்கோட்டு தூரத்தை வச்சுத்தான் "கிராமப்புற"ங்கிறதே முடிவாகுது, எல்லை விரிய விரிய அந்த தூரம் குறையும். அதனால கட்டடத்துக்கு வேணுங்கிற 5 சென்ட்டை மட்டும் தனியா அளந்து, உட்பிரிவு பண்ணி, அதுக்கு மட்டும் அனுமதி வாங்குங்க. மீதி 2.95 ஏக்கர்ல எள்ளோ உளுந்தோ போட்டு, அடங்கல்ல வருஷா வருஷம் பயிர் ஏறுதான்னு விஏஓ ஆபீஸ்ல பார்த்துக்கிட்டே இருங்க.