முதல்ல வைஸ், கடைசியா கிரைண்டர்

"மச்சி, வீட்டுல இரும்பு பைப் வெட்டணும். நல்ல கட்டிங் மெஷின் ஒண்ணு சொல்லேன்."

ஆபீஸ்ல இப்படிக் கேக்குறவங்க எண்ணிக்கை கூடிக்கிட்டே போகுது. மாடித்தோட்டத்துக்கு ஸ்டாண்ட், ஷூ ரேக், பால்கனியில துணி காயப்போட ஃபிரேம்னு ஆளாளுக்கு ஒரு காரணம். நல்ல விஷயம்தான். நாள் பூரா கண்ணுக்குத் தெரியாத ஒண்ணைத் தட்டிக்கிட்டு இருக்கற நமக்கு, கையில தொட்டுப் பாக்கற மாதிரி ஒண்ணு செஞ்சா ஒரு சந்தோஷம் இருக்கு.

ஆனா எல்லாரும் கேக்கறது 4 இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர் எது வாங்கலாம்னுதான். "கிரைண்டரை அப்புறம் பாக்கலாம், முதல்ல ஒரு வைஸ் வாங்கு"ன்னு நான் சொன்னா மூஞ்சி வாடிப் போகுது :) ஏன் அப்படிச் சொல்றேன்னு விளக்கமா எழுதிடறேன்.

வீட்டு வேலைக்கு நாம வாங்கறது பெரும்பாலும் 1 இஞ்ச் ஸ்கொயர் பைப், 16 கேஜ். அதாவது சுவர் தடிமன் சுமார் 1.6 மி.மீ. இதை வெட்ட ஆக்ஸா பிளேடுக்கு ரெண்டு மூணு நிமிஷம் ஆகும். ஒரு செடி ஸ்டாண்டுக்கு 4 கால், 8 குறுக்குச் சட்டம்னு 12 துண்டு வேணும்னு வெச்சுக்கோங்க. மெதுவா வெட்டினாலும் ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிரும். கிரைண்டர்ல வெட்டினா பத்து நிமிஷம். மிச்சம் ஐம்பது நிமிஷம். அளவு எடுக்க, கோடு போட, பிசிறு எடுக்க, வெல்டிங் கடைக்குத் தூக்கிட்டுப் போய் நிக்க, பெயிண்ட் அடிக்கன்னு மொத்த வேலைக்கு ரெண்டு சனி ஞாயிறு போகும். அதுல இந்த ஐம்பது நிமிஷத்தை மிச்சம் பிடிச்சு என்ன பண்ணப் போறோம்? புரோகிராம் எங்க மெதுவா ஓடுதுன்னு பாக்காம வேற எங்கயோ போய் கோடை மாத்தி எழுதற கதைதான் இது.

அந்த ஐம்பது நிமிஷத்துக்கு என்ன விலை கொடுக்கறோம்னு இப்ப கணக்குப் போடலாம்.

100 மி.மீ. டிஸ்க், லோடு இல்லாம நிமிஷத்துக்கு 11,000 சுத்து. விளிம்போட வேகம் செகண்டுக்கு 57 மீட்டர் சொச்சம் வருது. மணிக்கு 200 கி.மீ.க்கு மேல! மாவுல ரெசின் கலந்து சுட்ட மாதிரி, 1 மி.மீ. தடிமன்ல இருக்கற ஒரு வட்டு அந்த வேகத்துல உங்க முகத்துக்கு ஒண்ணரை அடி தள்ளி சுத்துது. வெட்டற பைப் லேசா அசைஞ்சு வெட்டு வாய் மூடிக்கிச்சுன்னா டிஸ்க் சிக்கும். சிக்கினா மெஷின் உங்க பக்கம் எகிறும், இல்லேன்னா டிஸ்க் உடைஞ்சு பறக்கும். கார்டுங்கற அந்தத் தகரம் இருக்கறது இதுக்காகத்தான். நம்ம ஊர்ல புது மெஷின் வாங்கினதும் முதல் வேலையா கழட்டி மூலையில போடறதும் அந்தத் தகரத்தைத்தான்.

கார்டு போனதும் அடுத்த ஐடியா தானா வரும்: "பெரிய டிஸ்க் போட்டா என்ன?" 7 இஞ்ச், அதாவது 180 மி.மீ. டிஸ்க்ல 8,500 ஆர்.பி.எம்.தான் அதிகபட்சம்னு அச்சடிச்சிருக்கும். செகண்டுக்கு 80 மீட்டர்ங்கற எல்லை அது. அதைச் சின்ன மெஷின்ல மாட்டி 11,000-ல சுத்தினா 103 மீட்டரைத் தாண்டும். கணக்கு அவ்வளவுதான். இதுல திறமை, அனுபவம், "நான் பாத்துக்கறேன்" எதுவும் உதவாது. மரம் அறுக்கற பல்லு பிளேடைக் கிரைண்டர்ல மாட்டறது இதைவிட மோசம். ஒரு பல்லு கடிச்சா மெஷின் கையில நிக்காது.

சரி, வைஸ் எதுக்கு?

பைப் வெட்டறதுல கஷ்டமே பைப்பைப் பிடிக்கறதுலதான் இருக்கு. காலால மிதிச்சுக்கிட்டு வெட்டறது, தம்பியை ஒரு முனையில பிடிக்கச் சொல்றதுன்னு நாம பண்ற சாகசம் எல்லாம் வைஸ் இல்லாததால வந்தது. பைப் ஆடாம நின்னா ஆக்ஸா நேரா போகும், பிளேடு உடையாது. அந்த வைஸ் பின்னாடி எந்த மெஷின் வாங்கினாலும் கூடவே வரும். ஜி.ஐ. பைப் காலத்துல பிளம்பர் கையில என்ன இருந்துச்சுன்னு ஞாபகப்படுத்திப் பாருங்க: பைப் வைஸ், ஆக்ஸா, டை. அதை வெச்சுத்தான் வீடு வீடா தண்ணி வந்துச்சு.

வாடகை வீட்டுல மேஜையில ஓட்டை போட முடியாதேன்னு கேக்கலாம். கனமான பலகை ஒண்ணுல 4 இஞ்ச் வைஸை போல்ட் போட்டு முடுக்கிட்டு, அந்தப் பலகையை ரெண்டு சி-கிளாம்ப் வெச்சு மேஜையோட இறுக்கிக்கலாம். வேலை முடிஞ்சதும் கட்டிலுக்கு அடியில தள்ளிடலாம். ஹவுஸ் ஓனருக்கும் மனஸ்தாபம் இல்லை.

ஆக்ஸால கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான்.

பிளேடு வாங்கும்போது "பைமெட்டல், 32 பல்லு"ன்னு கேளுங்க. இஞ்சுக்கு 32 பல்லுன்னு அர்த்தம். மெல்லிசான பைப் சுவர்ல 18 பல்லு பிளேடு போட்டா, பல்லு சுவர்ல மாட்டி உதிர்ந்திரும். எப்பவும் மூணு பல்லாவது இரும்பு மேல இருக்கணும்ங்கறது பழைய பட்டறை விதி. 1.6 மி.மீ. சுவருக்கு 32 பல்லு பிளேடு போட்டாக்கூட நேரா வெச்சா ரெண்டு பல்லுதான் படும். அதனால ஆக்ஸாவைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க, படற பல்லு கூடும்.

பல்லு முன்னாடி பாக்கற மாதிரி மாட்டணும். தள்ளும்போது அழுத்தம், இழுக்கும்போது வேண்டாம். நிமிஷத்துக்கு 40, 50 தடவை போதும். வேகமா ஆட்டினா பிளேடு சூடாகி மழுங்கறதைத் தவிர வேற பிரயோஜனம் இல்லை.

வெட்டற இடம் வைஸ் வாய்க்குப் பக்கத்துல இருக்கட்டும். உருண்டை பைப்னா வி வடிவத்துல வெட்டின ரெண்டு மரத்துண்டுக்கு நடுவுல வெச்சு இறுக்குங்க, நசுங்காது. நேர்கோடு போட ஒரு பேப்பரைச் சுத்தி விளிம்போட விளிம்பு சேர்த்தா போதும்.

கடைசியா அரம். வெட்டின பைப்போட உள்பக்கப் பிசிறு பிளேடு மாதிரி இருக்கும், தட்டை அரம் ஒண்ணு, அரைவட்ட அரம் ஒண்ணு வேணும்.

உருண்டை பைப் மட்டும்தான் வெட்டப் போறீங்கன்னா சக்கரம் வெச்ச பைப் கட்டரும் நல்ல சாமான். தீப்பொறி இல்லை, சத்தம் இல்லை, வெட்டு நேரா இருக்கும். ஆனா செம்பு பைப்புக்குன்னு விக்கற சின்ன கட்டரை வெச்சு இரும்புல மல்லுக்கட்டாதீங்க, சக்கரம் போயிரும்.

இதைவிட மலிவான வழி ஒண்ணும் இருக்கு. பைப் 20 அடி நீளமாத்தான் வரும். அதை எப்படியும் முழுசா பஸ்ல கொண்டு வர முடியாது. துண்டு அளவை எழுதிட்டுப் போனா கடையிலயோ, பக்கத்து வெல்டிங் பட்டறையிலயோ 14 இஞ்ச் சாப் சாவுல கட்டிங் கூலி வாங்கிட்டு வெட்டிக் கொடுப்பாங்க. 5 மி.மீ. கூடுதலா வெட்டச் சொல்லி, வீட்டுல அரம் போட்டு சரிபண்ணிக்கலாம்.

அதே பட்டறையில இன்னொண்ணும் பாக்கலாம். பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பையன், கார்டு இல்லாத கிரைண்டர், கால்ல ரப்பர் செருப்பு, கண்ணுல ஒண்ணும் கிடையாது. தீப்பொறி அடிக்கும்போது மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு வெட்டுவான். நாம வீடியோவுல பாத்து "சூப்பர்"னு சொல்ற தைரியம் அதுதான். அவனுக்கு வேற வழி கொடுக்கப்படலை. நமக்கு வழி இருக்கு. சம்பளம் வாங்கற நாம ஆசைக்குச் செய்யற வேலையில அவனோட ஆபத்தை இரவல் வாங்கறதுல என்ன பெருமை? அடுத்த தடவை வேலை கொடுக்கப் போகும்போது ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்துட்டு வாங்க, நம்ம கூலியைவிட அது உருப்படியான விஷயம்.

இரும்புத்தூள் கண்ணுல பதிஞ்சா ஒரு நாளுக்குள்ள கருவிழியில துரு வளையம் கட்ட ஆரம்பிக்கும். எடுக்கக் கண் டாக்டர்தான் வேணும், முந்தானையில ஊதி ஒத்தடம் கொடுத்தா போகாது. எம்.ஆர்.ஐ. எடுக்கறதுக்கு முன்னாடி "கண்ணுல எப்பவாவது இரும்புத்தூள் பட்டிருக்கா"ன்னு கேக்கறது இதனாலதான்.

இதெல்லாம் படிச்சும் கிரைண்டர்தான் வேணும்னா (நிறைய வெட்டணும், தடிமன் அதிகம்னா நியாயமான ஆசைதான்), கூடவே இதையும் பில்லுல சேத்துக்கோங்க:

கண்ணாடி, அதுக்கு மேல முகக்கவசம். ஈஎன் 166 தரத்துல எஃப்னு போட்ட கண்ணாடியைச் சோதிக்கறது 6 மி.மீ. எஃகு குண்டை செகண்டுக்கு 45 மீட்டர்ல அடிச்சு. டிஸ்க் விளிம்பு 57-ல போகுதுன்னு மேல பாத்தோம். அதனால கண்ணாடி மட்டும் போதாது. கூலிங் கிளாஸ் இந்தக் கணக்குலயே வராது.

டிஸ்க் நடுவுல இருக்கற உலோக வளையத்துல காலாவதி தேதி இருக்கும். தயாரிச்சு 3 வருஷம்தான். தாண்டினதைத் தள்ளுபடியில கொடுத்தாலும் வேண்டாம். கட்டிங் டிஸ்கோட பக்கவாட்டுல தேய்க்கவே கூடாது.

லுங்கி, துண்டு, லூஸ் கையுறை வேண்டாம். ஷூ வேணும். சத்தம் 90 டெசிபலைத் தாண்டும், காதுக்கு அடைப்பு வெச்சுக்கோங்க. தீப்பொறி பல மீட்டர் போகும். அமெரிக்காவோட என்.எஃப்.பி.ஏ. விதி 35 அடிக்குள்ள எரியற பொருள் இருக்கக் கூடாதுங்குது. நம்ம பால்கனியில இருந்து 35 அடின்னா பக்கத்து வீட்டுக் கொடியில காயற புடவையும் சேத்திதான்.

ரெண்டு பக்கமும் மூடின பைப், பழைய பெட்ரோல் டேங்க், எண்ணெய் டிரம், ஷாக் அப்சார்பர் இதுல கை வைக்கவே வேண்டாம். வெடிக்கும்.

வைஸ், ஆக்ஸா, நாலு பிளேடு, ரெண்டு அரம், ஒரு கண்ணாடி. ஒரு சுமாரான கிரைண்டர் வாங்கற காசுல இது எல்லாம் கிட்டத்தட்ட அடங்கிரும். முதல் ஸ்டாண்டை இதுல செய்யுங்க. கை வலிச்சு "போதும்டா சாமி"ன்னு தோணினா அப்ப கிரைண்டர் வாங்கலாம். அதுக்குள்ள பைப்பை எப்படிப் பிடிக்கணும்னு கைக்குத் தெரிஞ்சிருக்கும்.

டிஸ்கி: வைஸ்ல விரலை வெச்சு இறுக்கிக்கிட்டா கம்பெனி பொறுப்பாகாது :) வேற நல்ல வழி தெரிஞ்சவங்க சொல்லிட்டுப் போங்க. கார்டைக் கழட்டறவங்களோட மட்டும் சண்டைக்கு வருவேன்.