அப்பாவின் பி.பி.டி.க்குக் குரல் கொடுங்கள்

கைலாசபுரத்தில் பணி ஓய்வு என்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்வதும் கூடவே வரும். 1965-ல் தொடங்கிய திருச்சி பெல் தொழிற்சாலையின் டவுன்ஷிப் அல்லவா! பரணிலிருந்து இறங்கும் அட்டைப்பெட்டியில் பித்தளைக் குத்துவிளக்கு, பிள்ளைகளின் மார்க் ஷீட் இவற்றோடு சில சி.டி.க்களும் இருக்கும். மார்க்கர் பேனாவில் ‘தாத்தா அறுபதாம் கல்யாணம்’, ‘ஊட்டி டூர்’ என்று எழுதியிருக்கும். ஆசையாகப் போட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பது வீடியோ இல்லை, பவர்பாயின்ட் ஃபைல். ஆபீஸ் ரிவ்யூ மீட்டிங்குக்கு ஸ்லைடு செய்து பழகிய கை, வீட்டுப் போட்டோக்களையும் அதிலேயே அடுக்கி வைத்திருக்கும்.

அதை இன்றைய லேப்டாப்பில் திறந்தால் போட்டோ வரும், பாட்டு வராது. போட்டோவுக்குக் கீழே இருந்த தமிழ் வரிகள் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். ‘ஃபைல் கெட்டுப்போச்சு’ என்று சி.டி.யைக் குப்பையில் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் எதுவும் கெட்டுப்போயிருக்காது.

பாட்டு வராததற்குக் காரணம் எளிது. 2010-க்கு முந்தைய பவர்பாயின்ட், எம்.பி.3 பாட்டைத் தனக்குள் வைத்துக்கொள்ளாது. பாட்டு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற விலாசத்தை மட்டும் குறித்துக்கொள்ளும். அந்தக் கம்ப்யூட்டர் போனதும் விலாசமும் போச்சு. சி.டி.யிலேயே பாட்டு ஃபைல் தனியாக இருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும். தமிழ் விஷயம் வேறு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் முகமூடி போட்டவை. அந்த எழுத்துருவை மறுபடி கம்ப்யூட்டரில் நிறுவினால் முகமூடி திரும்பி வந்துவிடும். இல்லையென்றால் என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மென்பொருளில் அந்த வரிகளை யூனிகோடுக்கு மாற்றி ஒட்டலாம். இதைச் செய்து முடித்த பிறகுதான் வீடியோவாக்கும் வேலை. வீடியோவாகிவிட்டால் எழுத்து படத்தோடு உறைந்துவிடும். அதன்பின் எந்தப் போனிலும் அது மாறாது. உறைந்தது தப்பான எழுத்தாக இருந்தால் அதுவும் மாறாது!

மாற்றுவதற்குத் தனி மென்பொருள் வாங்கத் தேவையில்லை. 2010 முதல் பவர்பாயின்ட்டிலேயே இந்த வசதி உண்டு. 2013 முதல் எம்.பி.4 ஆகவே கிடைக்கிறது. ஃபைல், எக்ஸ்போர்ட், கிரியேட் எ வீடியோ. அவ்வளவுதான். தரம் கேட்கும்போது ஃபுல் ஹெச்.டி. போதும். அந்தக் காலத்து 2 மெகாபிக்சல் கேமரா போட்டோவை 4கே-யில் எடுத்தால் ஃபைல்தான் பெருக்கும், முகம் தெளியாது. இன்னொன்று: பழைய ஸ்லைடுகள் 4:3 அளவு, டி.வி. 16:9. இரு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும். நிரப்புகிறேன் என்று இழுத்தால் ஒல்லியான அத்தைகூடக் குண்டாகிவிடுவார்.

நேரம் சொல்லாவிட்டால் பவர்பாயின்ட் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் 5 விநாடி கொடுக்கும். இருபது பேர் நிற்கும் குரூப் போட்டோவுக்கு 5 விநாடி எப்படிப் போதும்? பெரியம்மாவைக் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த படம் வந்துவிடும். இங்கேதான் பலர் கோட்டைவிடும் ஒரு வசதி இருக்கிறது.

பவர்பாயின்ட் 1987-ல் முதலில் வந்தபோதே, பக்கத்தில் நின்று ஒருவர் பேசுவார் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டது. வீட்டு பி.பி.டி.யும் அப்படித்தான். அன்றைக்கு அப்பா மவுஸைக் கையில் வைத்துக்கொண்டு, “இது யார் தெரியுதா? கொதிகலன் ஷாப்பில் என்கூட இருந்தவர்” என்று சொல்லச் சொல்ல ஓடியது. அந்தப் பேச்சு ஃபைலில் இல்லை. வீடியோவாக மாற்றினாலும் வராது. பேரப்பிள்ளைக்குக் கிடைப்பது பெயர் தெரியாத முகங்களின் ஊர்வலம்.

ஆகவே எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்தும் முன், பெரியவரை லேப்டாப் முன்னால் உட்கார வைத்து ‘ரெக்கார்ட் ஸ்லைடு ஷோ’வை அழுத்த வேண்டும். அவர் பேசுகிறவரை அந்தப் படம் நிற்கும். விநாடிக் கணக்கும் தானாகச் சரியாகிவிடும். குரல் ஸ்லைடு ஸ்லைடாகத் தனித்தனியே பதிவாகிறது. பன்னிரண்டாவது படத்தில் தும்மினால் அதை மட்டும் மறுபடி எடுக்கலாம். படம் மாறும் அந்த நொடியில் மட்டும் பேசக் கூடாது. அப்போது ஒலி பதிவாகாது. பெயரைத் திருத்தி அம்மா குறுக்கே பேசுவார். பேசட்டும், வெட்டாதீர்கள். ஃபேனை நிறுத்தினால் போதும்.

கம்ப்யூட்டரே இல்லாத வீடா? போனில் பவர்பாயின்ட் செயலியில் ஸ்லைடை ஓட்டி, ஸ்கிரீன் ரெக்கார்டரில் மைக்கை ஆன் செய்து, பேசிக்கொண்டே எடுத்துவிடலாம். நடுவில் கேஸ் சிலிண்டர் மெசேஜ் படத்தில் ஏறாமலிருக்க, ‘டு நாட் டிஸ்டர்ப்’ போட்டுக்கொள்ள வேண்டும்.

பின்னணிப் பாட்டை ஸ்லைடிலேயே சேர்க்காமல் இருப்பது புத்திசாலித்தனம். குரல் மட்டும் உள்ள வீடியோவை விண்டோஸ் 11-ல் வரும் கிளிப்சாம்ப்பிலோ போனில் இன்ஷாட்டிலோ போட்டு, பாட்டைத் தனி வரிசையில் வைத்தால், பேச்சு வரும் இடத்தில் பாட்டைக் குறைக்கலாம். கல்யாண கேசட்டிலிருந்து மாற்றிய துண்டு, போனில் எடுத்த கிளிப் எல்லாம் அங்கேதான் சேரும். சினிமாப் பாட்டு வைத்த வீடியோவை யூடியூபில் ஏற்றினால் காப்புரிமைத் தொல்லை வரலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

முடிந்ததும் வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போய்ச்சேரும். 2022 முதல் 2 ஜி.பி. வரை இடம் உண்டு. எம்.பி.4 கிடைத்துவிட்டதே என்று பழைய பி.பி.டி.யை அழித்துவிட வேண்டாம். அதை பி.பி.டி.எக்ஸ். ஆகச் சேமித்து, ஒரு பிரதி எடுத்து, பெயரின் கடைசியில் ‘ஜிப்’ என்று மாற்றித் திறந்தால், ‘மீடியா’ என்ற ஃபோல்டரில் எல்லாப் போட்டோக்களும் தனித்தனியே இருக்கும். பெரிய போட்டோவாகப் பிரேம் போட அதைத்தான் ஸ்டுடியோவுக்குக் கொடுக்க வேண்டும், வீடியோவை நிறுத்தி எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை அல்ல.