"உயிர் பொழைச்சதே பெருசு": இனிமே இப்படிச் சொல்லாதீங்க

1/ தலைக்காயம் பட்டு வீடு திரும்பினவங்க குடும்பத்துல அடிக்கடி கேக்குற வசனம் இது. அரசு மருத்துவமனை ஓபியில உட்கார்ந்து நானே சொல்லியிருக்கேன். தப்பு. ஏன்னு ஒரு சின்ன த்ரெட்.

2/ 2021 டிசம்பர்ல வந்த 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்துல, சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். அருமையான திட்டம். என் கேள்வி 49-வது மணி நேரத்துல ஆரம்பிக்குது.

3/ ஒரு அக்கா. பைக் விபத்து, வலது மூளையில அடி. மூணு மாசம் கழிச்சு ரிவ்யூ. "எப்படிம்மா இருக்காங்க?"ன்னு மகள்கிட்ட கேட்டேன். "தொந்தரவே இல்ல டாக்டர், டிவி முன்னாடியே உட்கார்ந்திருக்காங்க." நானும் 'ஸ்டேபிள்'னு எழுதி அனுப்பிட்டேன்.

4/ அடுத்த தடவை மகள் போன்ல ஒரு போட்டோ காட்டினாங்க. மார்கழியில அம்மா தானா கோலமாவை எடுத்திருக்காங்க. கோலத்துல இடது பாதியே இல்ல! கண்ணு நல்லா தெரியுது. இடது பக்கம்னு ஒண்ணு இருக்குறதையே மூளை கவனிக்கல. ஓபியில நான் கோட்டை விட்டதை அந்தக் கோலம் காட்டிக் கொடுத்துச்சு.

5/ "கோலம் போட்டா மூளை சரியாகிடுமா?" ஆகாது. செத்த நரம்பு செல் திரும்ப வராது. ஆனா மிச்சமிருக்குற மூளை பழகப் பழகப் புது வழி பிடிக்கும். புள்ளி எண்ணணும், அடுத்த கோடு எங்க போகணும்னு யோசிக்கணும், ஆரம்பிச்சதை முடிக்கணும். தலைக்காயம் பறிக்கிறதும் இதைத்தான்.

6/ 2011-ல தலையில குண்டு பாய்ஞ்ச அமெரிக்க எம்.பி. கேபி கிஃபோர்ட்ஸுக்குப் பேச்சு போச்சு. பேச்சுப் பயிற்சியில பாட்டும் இருந்துச்சு. சின்ன வயசுல வாசிச்ச ஃபிரெஞ்ச் ஹார்னையும் திரும்ப எடுத்தாங்க. நம்ம வீட்ல பேச்சு வராதவர் பாட ஆரம்பிச்சா? "சும்மா இருப்பா, தலை வலிக்கும்"னு அடக்கிடுறோம்.

7/ "சோத்துக்கே வழியில்ல, இதுல பொழுதுபோக்கா?" கோபம் நியாயம். ஆனா பத்து நிமிஷம் ஒரு கோலத்துல கவனம் நிக்காதவர், எட்டு மணி நேரம் கடையில எப்படி நிப்பார்? அதுக்காகக் கோலம் போட்டா போதும்னு பிசியோதெரபியை நிறுத்திடாதீங்க. ரெண்டும் வேணும்.

8/ கவனம்: எப்ப ஆரம்பிக்கலாம்னு டாக்டர்கிட்ட கேளுங்க. பத்து நிமிஷம் போதும், அசதியோ தலைவலியோ வந்தா நிறுத்துங்க. ஃபிட்ஸ் மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. அடுப்பு, கத்தி பக்கம் தனியா விடாதீங்க. முக்கியமா, "முன்னாடி எவ்ளோ அழகா போடுவே"ன்னு சொல்லாதீங்க.

9/ டாக்டர் நண்பர்களே, டிஸ்சார்ஜ் சம்மரியில மாத்திரை எழுதுறோம், ரிவ்யூ தேதி எழுதுறோம். 'அடிபடுறதுக்கு முன்னாடி இவருக்கு என்ன பிடிக்கும்?' இந்த ஒரு வரி கேட்டு எழுத ஒரு நிமிஷம் ஆகுமா?

10/ அந்த அக்கா வீட்ல இப்ப மகள் முதல்ல வாசலோட இடது ஓரத்துல செம்மண்ல ஒரு கோடு போடுறாங்க. "இந்தச் சிவப்பு வரைக்கும் வரணும்மா." கோலம் இன்னும் கோணல்தான். ஆனா கோடு வரைக்கும் வருது. டிவி காலையில ஓடுறதில்ல.

உங்க வீட்லயும் இப்படி ஒருத்தர் இருந்தா, இன்னைக்கே கேளுங்க: "உனக்கு என்ன செய்யப் பிடிக்கும்?"