முதலில் முகமூடி, அப்புறம் மெஷின்



பதிவு கொஞ்சம் நீளம். காப்பி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள். படித்து முடிக்கும்போது சிலருக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும். 34 வருடம் கரும்பலகை முன்னால் நின்றவளுக்கு அது புதிதில்லை.

இரண்டு மூன்று மாதமாக நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் வெல்டிங் வீடியோக்கள் வந்து குவிகின்றன. ஒருவன் பூந்தொட்டி ஸ்டாண்டு செய்கிறான், ஒருவன் ஷூ ரேக், இன்னொருவன் மொட்டை மாடியில் அவரைப் பந்தல். கை வேலை கற்றுக்கொள்கிறார்களே என்று எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த வீடியோக்களில் நான் பார்த்தது என்ன? கையில் புது இன்வெர்ட்டர் மெஷின், கண்ணில் கூலிங் கிளாஸ், காலில் ரப்பர் செருப்பு, இரண்டடி தள்ளி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் நான்கு வயதுக் குழந்தை. கீழே வரிசையாக 'சூப்பர் மாப்ள', 'கலக்குற சித்தப்பா'. "டீச்சர் மட்டும் லைக் போடலையே" என்று ஒருவன் கேட்டான். பதில் இதோ.

"டீச்சருக்கு வெல்டிங்கைப் பத்தி என்ன தெரியும்?" என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என் அப்பா கோவையில் கிரில் பட்டறை வைத்திருந்தார். நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் முன்பே 10 கேஜ் ராடு எது, 12 கேஜ் ராடு எது என்று இருட்டில் தடவிச் சொல்வேன். கணக்கு எழுதினேன், ஆங்கிள் பிடித்துக் கொடுத்தேன், கசடு தட்டினேன். ஓய்வு பெற்ற பிறகு நானே மெஷின் வாங்கித் துணி காயப்போடும் ஸ்டாண்டு முதல் கோழிக்கூண்டு வரை செய்திருக்கிறேன். ஆகவே வெளியிலிருந்து பேசவில்லை.

என் கட்சி இதுதான்: முகமூடியும் கையுறையும் வாங்கக் காசில்லை என்றால், மெஷின் வாங்கவும் காசில்லை என்று அர்த்தம். 6,000, 7,000 ரூபாய் கொடுத்து மெஷின் வாங்குபவர், 2,000 ரூபாய்க்குள் கிடைக்கும் தானாகக் கறுக்கும் ஹெல்மெட்டைப் பார்த்து "அது அடுத்த மாசம்" என்கிறார். அந்த ஒரு மாசத்தில் கெடுவது கண்.

இதற்கு எனக்கு வந்த பதில்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

"கூலிங் கிளாஸ் போட்டிருக்கேனே!" கணக்குப் பாடத்துக்கு வா தம்பி. நல்ல வெயில் கண்ணாடிகூட வெளிச்சத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை உள்ளே விடும். வெல்டிங்குக்கான 10ஆம் எண் கறுப்புக் கண்ணாடி ஏறத்தாழ 7,000இல் ஒரு பங்கைத்தான் விடும். இரண்டும் ஒன்றா? மேலும் கூலிங் கிளாஸுக்குப் பக்கவாட்டில் மறைப்பு இல்லை, முகத்துக்கும் கழுத்துக்கும் ஒன்றுமே இல்லை. வில்லிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் தோலையும் வாட்டும். சட்டையின் மேல் பட்டனைத் திறந்துவிட்டு வேலை செய்தவரின் நெஞ்சைச் சாயங்காலம் பாருங்கள், தெரியும்.

"கொஞ்ச நேரந்தானுங்க டீச்சர், ரெண்டு டேக் மட்டும் வெச்சேன்." டேக் வைக்கும்போதுதான் அதிகம் பேருக்குக் கண் போகிறது, ஏனென்றால் அதற்கு யாரும் முகமூடி எடுப்பதில்லை. இதில் பெரிய ஏமாற்று என்னவென்றால், வலி அப்போதே வராது. நன்றாகச் சாப்பிட்டுப் படுப்பீர்கள். ஆறேழு மணி நேரம் கழித்து, நடு ராத்திரியில், கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தி நீராய்க் கொட்டும். கருவிழியின் மேல்தோல் வெந்துவிட்டது என்று பொருள். அது ஓரிரு நாளில் ஆறிவிடும் என்பதால்தான் நம்மவர்களுக்கு இவ்வளவு அலட்சியம். ஆனால் வெளிச்சம் உள்ளே போய் விழித்திரையைச் சுட்டால், அந்தத் தழும்பு நிரந்தரமாகவே தங்கிவிடலாம். வலி வந்தால் தாய்ப்பால் விடுவது, உருளைக்கிழங்கை வெட்டிக் கட்டுவது எல்லாம் வேண்டாம். வெந்த இடத்தில் கிருமியைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். கண்ணைக் கசக்காமல் கண் மருத்துவரிடம் போங்கள்.

இந்த வலி பக்கத்தில் நிற்பவருக்கும் வரும். வெள்ளையடித்த சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் சேர்ந்துகொள்ளும். உங்கள் குழந்தை முகமூடி போட்டிருக்கிறதா? இல்லையே. அப்படியானால் அது அங்கே இருக்கக் கூடாது. வேலை செய்யும் இடத்தைக் கனத்த தார்ப்பாய் கட்டி மறையுங்கள்.

"ஜி.ஐ. பைப் துருப்பிடிக்காது, அதில்தான் செய்தேன்." இதைக் கேட்டபோதுதான் எனக்குப் பகீரென்றது. ஜி.ஐ. பைப்பின் மேல் பூசியிருப்பது துத்தநாகம். அது 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருகுவதற்கோ 1,500 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆக, நீங்கள் இரும்பை உருக்கும் முன்பே துத்தநாகம் வெள்ளைப் புகையாகி மூக்குக்குள் போய்விடுகிறது. அன்று சாயங்காலமோ ராத்திரியோ குளிர் நடுக்கம், காய்ச்சல், உடம்பு வலி, வாயில் உலோக ருசி. "சளி பிடிச்சிருக்கு போல" என்று மாத்திரை போட்டுக்கொள்கிறீர்கள். அது சளி இல்லை, உலோகப் புகைக் காய்ச்சல். "பால் குடிச்சா முறிஞ்சிடும்" என்று பட்டறைகளில் சொல்வார்கள். பால் போவது வயிற்றுக்கு, புகை போவது நுரையீரலுக்கு. எது எதை முறிக்கும்?

ஆரம்பத்தில் ஜி.ஐ.யைத் தொடவே வேண்டாம். தவிர்க்க முடியாதென்றால், ஒட்டும் இடத்தின் இருபுறமும் பூச்சு போகும்வரை நன்றாகத் தேய்த்து எடுங்கள். தேய்க்கும்போதும் முகக்கவசம் வேண்டும். திறந்தவெளியில், காற்று பக்கவாட்டில் வீசும்படி நின்று, புகைக்கு மேல் தலையைக் கவிழ்க்காமல் வேலை செய்யுங்கள். கைக்குட்டை கட்டினால் போதாது, எஃப்.எஃப்.பி. 2 வகை முகக்கவசமாவது வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புகையில் குரோமியமும் நிக்கலும் உண்டு, அங்கே இன்னும் கவனம். 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, வெல்டிங் புகையையும் வெல்டிங்கின் புற ஊதாக் கதிரையும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் கல்நாரும் இருக்கும் அதே பிரிவு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் செய்பவருக்குத் தினமும் செய்பவரின் அளவுக்கு ஆபத்து இல்லை. உண்மைதான். ஆனால் தவிர்க்கக்கூடிய புகையை எதற்கு இழுக்க வேண்டும்?

"200 ஆம்பியர் மெஷின் வாங்கியிருக்கேன் அத்தை!" பெருமை சரி. அதை எங்கே சொருகியிருக்கிறாய்? 200 ஆம்பியரில் வில்லின் மின்னழுத்தம் சுமார் 28 வோல்ட். பெருக்கிப் பார், 5,600 வாட். மெஷினில் வீணாவது தனி. உன் வீட்டு 16 ஆம்பியர் பிளக் தாங்குவது, 230 வோல்ட் கணக்கில் 3,680 வாட். எட்டாம் வகுப்புக் கணக்கு. வீட்டுக்காரருக்கு வேண்டியது 70, 80 ஆம்பியர்தான். ஆகவே பெட்டியின் மேல் பெரிதாக எழுதியிருக்கும் எண்ணை விட்டுவிட்டு, தகட்டில் சின்னதாக எழுதியிருக்கும் டியூட்டி சைக்கிளைப் படியுங்கள். 60 சதவீதம் என்றால் அந்த ஆம்பியரில் 10 நிமிடத்துக்கு 6 நிமிடம் வேலை, 4 நிமிடம் ஓய்வு. மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருட்டி வைத்தபடியே ஓட்டாதீர்கள், சுருளுக்குள் சூடேறி உருகும். வியர்த்த கையோடு, நனைந்த தரையில் நின்று ராடு மாற்றாதீர்கள். பருத்தி அல்லது ஜீன்ஸ் துணி, தோல் கையுறை, மூடிய ஷூ. நைலான் சட்டையில் பொறி விழுந்தால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

"அத்தை, வெல்டு எப்படி அழகா இருக்கு பாருங்க!" அழகு இருக்கட்டும், பிடிமானம் இருக்கிறதா? மேலே மீன் செதில் மாதிரி வரிவரியாக இருக்கும், உள்ளே கசடு மாட்டியிருக்கும். ஆகவே முதல் மாசம் பொருள் எதுவும் செய்யாதீர்கள். பழைய இரும்புக் கடையில் 5 மி.மீ. பட்டை எடைக்கு வாங்குங்கள். எல்லோரும் 1.2 மி.மீ. ஸ்கொயர் பைப்பில் ஆரம்பித்து, ஓட்டை ஓட்டையாக விழுந்து, "மெஷின் சரியில்லை" என்று திட்டுகிறீர்கள். மெல்லிய தகடுதான் கஷ்டம், கனத்தது சுலபம். 6013 ராடு போதும். எண்ணின் முதல் இரண்டு இலக்கம் இழுவலிமை, சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. அதற்கடுத்த 1, எந்த நிலையிலும் வைக்கலாம் என்று சொல்கிறது. 7018 வலுவானதுதான், ஆனால் ஈரம் ஆகாது. மழைக்காலத்தில் பாக்கெட்டைப் பிரித்துப் பரண்மேல் போட்டு வைப்பவர்களுக்கு அது உதவாது.

2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர், 3.15 மி.மீ. ராடுக்கு 90 முதல் 130. ராடின் கனம் எவ்வளவோ அவ்வளவு இடைவெளியில் வில்லைப் பிடியுங்கள். சரியாக இருந்தால் எண்ணெயில் வடகம் பொரிவதுபோல் சீராகச் சத்தம் வரும். இடைவெளி கூடினால் சீறும், தெறிக்கும்.

இரண்டு பட்டைகளைத் தலைகீழ் 'டி' போல நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் வெல்டு வையுங்கள். ஆறிய பிறகு வைஸில் பிடித்து, வெல்டு இருக்கும் பக்கமாகச் சம்மட்டியால் அடித்து மடக்கி உடையுங்கள். அடிப்பட்டையின் ஓரம் உருகாமல் பளிச்சென்று பிரிந்து வந்தால், நீங்கள் வைத்தது வெல்டு இல்லை, பிசின். உடைந்த இடத்தில் முழுக்க உலோகம் தெரியும்வரை திரும்பத் திரும்ப வையுங்கள். வீடியோ பார்த்தவனையும் வேலை கற்றவனையும் பிரித்துக் காட்டுவது இந்தச் சம்மட்டிதான். அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு ஒரு வருடப் படிப்பு. திருச்சி பெல் வளாகத்தில் வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அவ்வளவு விஷயம் உள்ள வேலையைப் பத்து நிமிட வீடியோவில் முடித்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

இந்தச் சோதனையில் கைதேறும்வரை ஊஞ்சல் கொக்கி, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு, மாடிக் கைப்பிடி, டிரெய்லர் கொக்கி எதையும் செய்யக் கூடாது. விட்டுப்போனால் விழுவது மனிதர்கள். காலி டீசல் டிரம், பெட்ரோல் டேங்க் பக்கம் எந்தக் காலத்திலும் போகக் கூடாது. நாம் காலி என்கிறோம், உள்ளே ஆவி நிறைந்திருக்கும். ஒரு பொறி போதும்.

கடைசியாக, எல்லோரும் சொல்லும் அந்தப் பெரிய வாதம். "எங்க தெருப் பட்டறை அண்ணன் இருபது வருஷமா வெறுங்கண்ணாலதான் வைக்கிறார். அவருக்கு ஒண்ணும் ஆகலையே!"

ஆகவில்லை என்று யார் சொன்னது? அவரைக் கேட்டீர்களா? என் அப்பாவின் பட்டறையில் வேலை செய்த அண்ணன்மார், அப்பா எத்தனை திட்டினாலும், அவசரத்தில் தலையைத் திருப்பிக்கொண்டு டேக் வைப்பார்கள். ராத்திரி கண்ணில் ஈரத்துணி போட்டுக்கொண்டு முனகுவார்கள். மறுநாள் காலை வேலைக்கு வந்து நிற்பார்கள், வராவிட்டால் கூலி இல்லை. "சீக்கிரம் முடிங்க, நாளைக்குக் கிரகப்பிரவேசம்" என்று வாடிக்கையாளர் தலைமேல் நிற்பார். ரேட்டில் அடிக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுபவரும் அவரேதான். அந்த வாடிக்கையாளர்கள் வேறு யாருமில்லை, நாம்தான்.

அவருக்கு வேறு வழியில்லாததால் வெறுங்கண்ணால் பார்த்தார். உங்களுக்கு மாதச் சம்பளம் இருக்கிறது, மருத்துவக் காப்பீடு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை முழுக்க நேரம் இருக்கிறது. அவருடைய கைப்பதம், ராடு பிடிக்கும் கோணம், சத்தத்தை வைத்தே ஆம்பியரைச் சொல்லும் காது, இதையெல்லாம் கற்றுக்கொள்ளுங்கள், அதுதான் வித்தை. அவருடைய இல்லாமையை வித்தை என்று நினைத்துக் காப்பியடிப்பது அவருக்கும் அவமரியாதை, உங்கள் கண்ணுக்கும் கேடு.

வீட்டுப்பாடம் இரண்டு. ஒன்று, அடுத்த வீடியோ போடும் முன் ஹெல்மெட், கையுறை, ஷூ மூன்றையும் எடுத்துவைத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். குழந்தை படத்தில் இருக்கக் கூடாது. இரண்டு, உங்கள் வீட்டுக் கேட்டுக்கோ கிரில்லுக்கோ ஆள் வரும்போது, ரேட்டைக் கேட்கும் முன் "முகமூடி எங்கண்ணா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள். கிரில்லுக்கு அடிக்கும் பெயின்ட்டைவிட அது அதிகம் ஆகாது.

இரண்டையும் செய்தவர்களுக்கு நானே முதல் ஆளாக லைக் போடுகிறேன். செய்யாதவர்கள் போனில் கூப்பிடுங்கள், மீதித் திட்டை நேரில் வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்