பேஸ் கிட்டார் ஆர்டர் கொடுக்கும் முன்னால்

"டீச்சர், உங்க பையன் மாதிரி நானும் பட்டறையில சொல்லி ஒரு பேஸ் கிட்டார் செய்யலாம்னு இருக்கேன். என்ன சொல்றீங்க?" என்று 2004 பேட்ச் பையன் ஒருவன் இன்பாக்ஸில் கேட்டிருக்கிறான். போன வாரம் கல்யாண வீட்டில் என் நாத்தனார், "நாலு கம்பிக்கு ஒன்றரை லட்சமா?" என்று பந்தியிலேயே கேட்டுவிட்டார். இருவருக்கும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். (அண்ணி, நாலு இல்லை, அஞ்சு கம்பி.)

அந்த அஞ்சாவது கம்பியில்தான் விஷயமே இருக்கிறது. லியோ ஃபெண்டர் 1951-ல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸுக்கு நாலு கம்பி, அதிரும் நீளம் 34 அங்குலம். இன்றும் பெரும்பாலும் அதே அளவுதான். அதில் தடித்த ஈ கம்பி நொடிக்குச் சுமார் 41 முறை அதிரும். அதற்கும் கீழே சேர்க்கிற பி கம்பி சுமார் 31 முறை. சுரமானிப் பெட்டி ஞாபகம் இருக்கிறதா? அதிர்வெண் குறைய மூன்று வழி. இழுவிசையைக் குறைத்தால் கம்பி தொளதொளக்கும். தடிமனைக் கூட்டினால் ஒலி மந்தமாகும். மிச்சம் நீளம். அதனால் சிலர் 35 அங்குலம் வைக்கிறார்கள். என் மகனுக்குச் சின்னக் கை. அந்த ஒரு அங்குலத்தில் அவனுக்கு மணிக்கட்டு வலி வந்துவிட்டது. 34 அங்குலத்திலேயே, நெக் மெலிதாக, கம்பிகளுக்கு இடையே வழக்கமான 19 மில்லிமீட்டருக்குப் பதில் 17 என்று கேட்டான். கடையில் அப்படி அவனுக்கு ஒன்று அமையவில்லை.

பட்டறைக்குப் போகிறவர்கள் எல்லாம் பகட்டுக்காகப் போவதில்லை. ஆன்டனி ஜாக்சன் என்ற அமெரிக்கக் கலைஞர் ஆறு கம்பி பேஸ் கேட்டபோது, 1975-ல் அதைச் செய்து கொடுத்தவர் கார்ல் தாம்சன் என்ற தனிக் கைவினைஞர். இன்றைக்கு ஆறு கம்பி பேஸ் கடையிலேயே தொங்குகிறது.

இனி பணம். முதலில் கொடுத்த இடத்தில் ஏமாந்தோம். ஆறு மாதம் என்றார்கள். மரத்தின் படம் ஒன்று வந்தது. அப்புறம் "அடுத்த வாரம் மேடம்", அப்புறம் அதுவும் இல்லை. பதினாலு மாதம் கழித்துப் பாதிப் பணம்தான் திரும்பியது. முழுப் பணத்தையும் ஒரே தடவையில் அனுப்பச் சொன்னவள் நான்தான், தவணை என்றாலே எனக்கு ஆகாது. என் கிராஜுவிட்டி பணம் போனதைவிட, மகன் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசாததுதான் உறுத்தியது.

இரண்டாவது ஆளுக்கு மூன்று தவணை. அளவு, மரம், எடை எல்லாம் எழுத்தில். நாலாவது மாதம் அவரே போன் செய்தார். "அம்மா, நெக் முறுக்கிக்கிச்சு. மரம் உள்ளுக்குள்ள சரியா காயல, என் தப்பு." நெக்குக்குள் ட்ரஸ் ராட் என்று ஓர் இரும்புத் தண்டு இருக்கும். அதை முடுக்கினால் வளைவு நிமிரும், முறுக்கு நிமிராது. மெலிந்த நெக்கில் இது இன்னும் மோசம். ஒப்பேற்றி அனுப்பியிருந்தால் எங்களுக்கு ஒரு வருஷம் தெரிந்திருக்காது. அவர் அறுத்துப் போட்டுவிட்டு, படமும் அனுப்பி, கூடுதல் காசு வேண்டாம், மூன்று மாதம் கொடுங்கள் என்றார். மகன் கத்தினான். நான் காத்திருப்போம் என்றேன்.

ஆகவே தம்பி, செய்து காட்டிய அழகான படங்களைப் பார்த்து மயங்காதே. "நீங்க செஞ்சு கெட்டுப்போனது எது, அதை என்ன பண்ணினீங்க?" என்று கேள். தயங்காமல் பதில் சொல்கிறவருக்கு முன்பணம் கொடு, பிறகு தினமும் போன் போட்டு அரிக்காதே. நீ வாசிக்க ஆரம்பித்து ஒரு வருஷம்தான் ஆகிறது என்றால், கடையில் நல்லதாக ஒன்று வாங்கு. எது உன் கைக்கு ஒத்துவரவில்லை என்றே இன்னும் உனக்குத் தெரியாது. உன் அளவுக்குச் செய்ததை நாளைக்கு விற்கப் போனால் போட்ட காசும் வராது.

மகனுடையது வந்துவிட்டது. குளியலறைத் தராசில் 3.9 கிலோ. விரல் ஓடும் பலகை நம்ம ஈட்டி மரம், உலகமெங்கும் இந்தியன் ரோஸ்வுட் என்று கிட்டாருக்கு வாங்குகிறார்களே, அதேதான். அண்ணி, பொங்கலுக்கு வரும்போது வாசித்துக் காட்டச் சொல்கிறேன். ஜன்னல் கதவு அதிர்ந்தால் என்னைக் கேட்கக் கூடாது.