குறை கூறுவோருக்குச் சன்மானம்

தாம் செய்த காரியத்தில் குற்றம் காண்பவரைக் கண்டு முகம் சுளிக்காதவர் உலகில் அபூர்வம். குற்றம் கண்டுபிடித்துச் சொன்னால் பணம் தருகிறேன் என்று பகிரங்கமாக அறிவித்து, அந்த வாக்கைப் பல்லாண்டு காலம் காப்பாற்றியும் வந்தவர் அதனினும் அபூர்வம். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலைப் பேராசிரியராக இருந்த டொனால்ட் கனூத் அத்தகையவர். தம் கிரந்தத்தின் புதிய பதிப்புக்காக வந்த அச்சுப் படிகளின் அவலட்சணத்தைச் சகியாமல் 1977-ல் அவர் தாமே எழுதத் தொடங்கிய அச்சுக்கோப்பு மென்பொருள்தான், இன்றும் கணித நூல்களைக் கோக்கும் 'டெக்'. அதன் மூல நிரல் முழுவதையும் 1986-ல் புத்தகமாகவே வெளியிட்டார். அதில் பிழை கண்டவருக்கு ஆரம்பத்தில் 2.56 டாலர், ஆண்டுதோறும் அது இரட்டித்து 327.68 டாலரில் நின்றது. (நம்முடைய நக்கீரருக்குக் கிடைத்ததோ நெற்றிக்கண்.) காசோலை பெற்றவர்களில் பலர் அதை வங்கிக்கு அனுப்பாமல் சட்டமிட்டு மாட்டி வைத்துக்கொண்டார்கள்.

ஆயினும் நான் வியப்பது அந்தக் காசோலையை அன்று. அவர் வைத்திருந்த குறிப்பேட்டையே. 1978 முதல் பத்தாண்டு காலம் டெக்கில் செய்த திருத்தங்கள் யாவற்றையும், சுத்த அசட்டுத்தனமானவை முதல் வெறும் எழுத்துப் பிழைகள் வரை, ஒன்று விடாமல் பதிந்து, 850-க்கு மேற்பட்ட அவற்றைப் பதினைந்து வகையாகப் பிரித்து, 1989-ல் தம் பெயரிலேயே பிரசுரித்தார். இன்றைய திறமூலத் திட்டங்கள் சிலவற்றிலோ, உபயோகிப்பவர் சிரத்தையோடு எழுதிய குறையைக் கொஞ்ச காலம் எவரும் தொடாவிட்டால் தானாகவே மூடிவிடும் யந்திர ஏற்பாடு ஒன்று இருக்கிறது. மனுவைப் படிக்காமலே தள்ளுபடி செய்யும் இந்த வழக்கத்தை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

எத்தனை பேர் சொன்னார்கள் என்று தலை எண்ணிக் குறையின் கனத்தை நிர்ணயிப்பதும் சரியன்று. முதலில் டெக்குக்குத் தெரிந்தவை 128 குறியீடுகளே. ஆங்கிலத்துக்கு அது தாராளம். மேலே புள்ளியோ கோடோ ஏறிய எழுத்துகளை உடைய ஜெர்மன், பிரெஞ்சு முதலிய பாஷைகளிலோ, அக்குறியைத் தனியே ஏற்றி எழுத்தை அமைக்க வேண்டியிருந்ததால், வரியிறுதியில் அத்தகைய சொற்களை ஒழுங்காகப் பிரிக்க அந்த மென்பொருளால் இயலவில்லை. ஆங்கிலத்திலேயே எழுதுகிறவர்களிடம் எத்தனை முறை அபிப்பிராயம் கேட்டிருந்தாலும் இந்தக் குறை வெளிப்பட்டிருக்காது. 1989-ல் ஸ்டான்போர்டில் கூடிய உபயோகிப்போர் மகாநாட்டில் ஐரோப்பியர் எடுத்துரைத்த பின்னரே கனூத் இசைந்தார். 1990-ல் வந்த மூன்றாம் பதிப்பு 256 குறியீடுகளையும், ஒன்றுக்கு மேற்பட்ட பாஷைகளின் சொற்பிரிப்பு விதிகளையும் ஏற்றது.

அத்துடன் அவர் கதவைச் சாத்தினார். இனிப் புதிய வசதி எதுவும் சேராது, பிழை மட்டுமே திருத்தப்படும் என்றும், பதிப்பு எண் 3.1, 3.14 என்று 'பை'யின் மதிப்பை நெருங்கிச் சென்று, தம் மரணத்துக்குப் பின் அதுவாகவே நிலைத்துவிடும் என்றும், அப்போது எஞ்சும் பிழைகளெல்லாம் டெக்கின் அம்சங்களாகவே கருதப்படும் என்றும் அதே ஆண்டில் அறிவித்தார். இது பிடிவாதம் என்பாருண்டு. நான் அப்படிக் கருதவில்லை. ஏனெனில், மூல நிரலை எடுத்து எவரும் தம் இஷ்டம்போல் வளர்க்கலாம், டெக் என்ற பெயரை மட்டும் அதற்குச் சூட்டலாகாது என்பது அவர் விதித்த நிபந்தனை. அந்த அனுமதியினால்தான், யூனிகோடு எழுத்துகளை நேரே ஏற்கும் 'ஸீடெக்' என்பதை ஜானதன் கியூ 2004-ல் வெளியிட முடிந்தது. 256 குறியீடுகளின் எல்லைக்குள் வசதியாக அடங்காத நம் தமிழையும் அதைக்கொண்டு இன்று அழகாகக் கோக்கிறோம்.

மோசடிக்காரர் தொல்லையால் 2008 முதல் காசோலைக்குப் பதில் ஒரு கற்பனை வங்கியின் சான்றிதழே வருகிறது. குறைகளைத் தொண்டர்கள் வாங்கிச் சலித்து, தகுதியுள்ளவற்றை மட்டும் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை அவரிடம் சேர்க்கிறார்கள். 2014-லும் 2021-லும் அவர் அவற்றைப் பரிசீலித்தார். அடுத்த பரிசீலனை 2029-ல். டெக்கில் பிழை கண்ட வாசகர் எவரேனும் இருந்தால், எழுதி அனுப்ப இன்னும் அவகாசமிருக்கிறது.